விவரத்தின் துப்பாக்கி ஆராய்ச்சி

இனிமேல் மனைவியிடம் எதையுமே கேட்பதில்லை என்று விவரம் சபதம் எடுத்தார். எடுத்த இடம், பஸ்ஸின் கடைசி சீட்டு. எடுத்த நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். சாட்சி, அவருடைய இரண்டு முழங்கால்களுக்கு நடுவே பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் பதற வேண்டாம். நூறு வயதைத் தாண்டிய பிரிட்டிஷ் பட்டாளத்துத் துப்பாக்கி என்று சொல்லி அதைக் கொண்டுவந்திருந்தார்கள். குழாயின் அடிப்பக்கத்தில் இரும்பை வைத்து அடைத்து, இனி இது ஒருநாளும் சுடாது என்று அரசாங்கம் சான்றிதழே கொடுத்துவிட்டது. வாய் இருந்தும் சத்தம் போடும் உரிமை இல்லாத துப்பாக்கி. அந்த வகையில் பார்த்த உடனேயே விவரத்துக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது.

விவரம் என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. பழம்பொருள் ஏலக் கூடத்தில் அவருக்கு வேலை. ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு சாமானைப் பற்றியும் பட்டியலில் விவரம் எழுதவேண்டும். "விவரம் ரெடியா?", "விவரம் எங்கே?", "விவரத்தைக் கூப்பிடு" என்று கத்திக் கத்தி, சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் அவர் விவரமாகவே ஆகிவிட்டார்.

"உங்களுக்குப் போய் விவரம்னு பேர் வச்சிருக்காங்களே, அவங்களுக்கு ரொம்பத்தான் தைரியம்" என்று அவர் மனைவி மட்டும் சொல்வாள்.

அவள் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தெருவுக்கே அவள் 'மெஷின் அக்கா'. நாலு வீடு தள்ளி ஓடுகிற மெஷினின் சத்தத்தை இங்கே உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பாபின் கேஸ்ல அழுக்கு சேர்ந்திருக்கு" என்பாள். போய்ப் பார்த்தால் சேர்ந்திருக்கும்.

பன்னிரண்டு வருஷமாக ஒரு ரகசியம் ஓடிக்கொண்டிருந்தது. ஏலக் கூடத்துக்குச் சுவர்க்கடிகாரம் வரும், பாட்டுப் பெட்டி வரும், பித்தளைத் தராசு வரும். சாயங்காலம் காபி குடிக்கும்போது விவரம் பேச்சுவாக்கில் மனைவியிடம் கேட்பார். அவள் பேச்சுவாக்கில் சொல்வாள். அவர் மறுநாள் பட்டியலில் எழுதிவிட்டு, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரொம்ப யோசித்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டு விருந்தில், நாற்பது பேர் எதிரில், அந்த ரகசியத்தை அவள் போட்டு உடைத்துவிட்டாள். "அவருக்கென்ன! நான் சொல்றேன், அவர் எழுதறார். டைப்ரைட்டர் மாதிரிதான்." மச்சினனுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. விவரம்தான் முதுகைத் தட்டிக்கொடுத்தார். தேவைக்கு மேல் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் இந்தத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

"விவரம், துப்பாக்கி பத்தி ஏதாவது தெரியுமா உங்களுக்கு?" என்று முதலாளி கேட்டிருந்தார்.

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க தாத்தா பட்டாளம்."

தாத்தா பட்டாளம்தான். அதில் சமையல்காரர். வாழ்நாளில் அவர் தூக்கிய பெரிய ஆயுதம் கரண்டி. ஆனால் முதலாளி கேட்டது தாத்தாவின் உத்தியோகத்தை இல்லையே.

"அப்போ நல்லதாப் போச்சு. பல் டாக்டர் ஒருத்தர் கொண்டுவந்திருக்கார். அசல்தானா, எப்படி வேலை செய்யுது, மேல இருக்கிற குறியெல்லாம் என்ன சொல்லுது, எல்லாத்தையும் ரெண்டு பக்கத்துல எழுதுங்க. திங்கக்கிழமை பட்டியல் அச்சுக்குப் போகணும். நகலை அசல்னு போட்டு வித்துட்டோம்னா நம்ம பேரே போயிடும், பாத்துக்குங்க. மதிப்பீட்டாளர் ரிட்டையர் ஆகி அந்த இடமும் காலியா இருக்கு. நீங்க எழுதறதைப் பாத்துட்டு முடிவு பண்றேன்."

கூடவே அலமாரியிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு துப்பாக்கிப் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தார். விவரம் அதை அட்டை வெளியே தெரியும்படி அக்குளில் இடுக்கிக்கொண்டு, துப்பாக்கிக்குப் போர்வை போர்த்தி பஸ் ஏறினார்.

மதிப்பீட்டாளர்! நினைக்கும்போதே காலர் தானாகத் தூக்கிக்கொண்டது. அது கிடைக்கும். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கிடைக்கும். கிடைத்த பிறகு மச்சினனை விருந்துக்குக் கூப்பிட வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஒரு மெஷினைக் குப்புறப் போட்டு அதன் வயிற்றுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அது? கட்டில் காலா?"

"ஆபீஸ் வேலை."

"ஆபீஸ்ல கட்டில் கால் செய்யச் சொல்லிட்டாங்களா?"

"துப்பாக்கி. பிரிட்டிஷ் துப்பாக்கி. இதைப் பத்தி நானே ஆராய்ச்சி பண்ணி எழுதப்போறேன். நானே!"

"எழுதுங்க. நான் என்ன பண்ணணும்?"

"நீ ஒண்ணுமே பண்ண வேணாம். அதுதான் முக்கியம்."

புத்தகத்தை முன்னறை மேசைமேல் கம்பீரமாக வைத்தார். துப்பாக்கியோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலையிலிருந்து ஆராய்ச்சி. மரக்கட்டை ஒரு முனை, இரும்புக் குழாய் மறுமுனை. இது வரைக்கும் சந்தேகம் இல்லை. இதற்கு மேல் எல்லாமே சந்தேகம். துப்பாக்கி என்றால் பின்பக்கம் மேலே ஒரு சுத்தி மாதிரி ஏதாவது இருக்கவேண்டும். இதில் இல்லை. தோட்டாவைப் போட ஒரு கதவாவது வேண்டும். அதுவும் இல்லை. விசைக்குப் பின்னால், பிடியை ஒட்டி ஒரு நீள வளையம் மட்டும் தொங்கியது. அதை அமுக்கினார். திருகினார். கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து, துப்பாக்கியைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். 'டக்'கென்று வளையம் இறங்கியது. கூடவே, இன்ன இடம் என்று சொல்ல முடியாதபடி அவர் சுண்டுவிரலும் எங்கேயோ மாட்டிக்கொண்டது.

"ஆ!"

"என்னாச்சுங்க?" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது.

"ஆராய்ச்சி!"

"ரத்தம் வருதா?"

"ஆராய்ச்சின்னா கொஞ்சம் வரத்தான் செய்யும்!"

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெள்ளைத் தாளை எடுத்து, 'இது ஒரு துப்பாக்கி' என்று எழுதினார். அரை மணி நேரம் கழித்து, 'நீளமான துப்பாக்கி' என்று திருத்தினார். புத்தகத்தைப் பார்க்கலாம் என்றால் அது முன்னறையில் இருந்தது. அவள் எதிரில் போய்ப் புரட்டினால் ஒன்றும் தெரியாமல்தான் புரட்டுகிறார் என்று அவளுக்குத் தெரிந்துபோகும்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. யோசனை உதித்த வேகத்தில் அவரே எழுந்து நின்றுவிட்டார்.

அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. தப்பு தப்பாகவே இருப்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடியாது. ரேடியோவில் மணி தப்பாகச் சொன்னால் ரேடியோவோடு சண்டைக்குப் போவாள். பஸ்ஸின் போர்டில் எழுத்துப் பிழை இருந்தால், ஏறவேண்டிய பஸ்ஸையும் விட்டுவிட்டு டிரைவருக்குப் பாடம் எடுப்பாள். கேட்டால்தானே சபதம் உடையும்? கேட்கவே வேண்டாம். தப்பாகச் சொன்னால் போதும். சரியானது தானாக வந்து விழும்!

துப்பாக்கியோடு முன்னறைக்கு வந்தார். ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு, காற்றைப் பார்த்துப் பேசுகிறவர் மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"ஆகா! இந்த வளையம் எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுறதுக்கு!"

அவள் கையிலிருந்த திருப்புளி நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொள்வது தெரிந்தது. ஒரு விநாடி. இரண்டு விநாடி.

"ஐயோ, மாட்டுறதுக்கு இல்லைங்க! அது நெம்புகோல். கீழ இழுத்தா உள்ள இருக்கிற இரும்புக் கட்டை இறங்கி வழி விடும். தோட்டாவை வச்சு மேல தள்ளினா கட்டை எழும்பி அடைச்சுக்கும். சுத்தியெல்லாம் வெளியில கிடையாது. எல்லாம் கட்டைக்குள்ளயே இருக்கு."

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு விவரம் சமையலறைக்கு ஓடினார். தண்ணீர் குடிக்கிற சாக்கில், சொன்னதை அப்படியே உள்ளங்கையில் எழுதிக்கொண்டு திரும்பினார்.

"பத்துத் தோட்டாவை ஒண்ணாப் போட்டு, படபடன்னு சுடலாம் போல!"

"எங்க போடுவீங்க பத்து? பெட்டியே இல்லையே இதுல! ஒரு தடவைக்கு ஒண்ணுதான். சுட்டப்புறம் மறுபடி இழுக்கணும், மறுபடி வைக்கணும்."

சமையலறை. உள்ளங்கை. முன்னறை.

"பக்கவாட்டுல கண்ணீர்த்துளி மாதிரி ஒரு இரும்பு. சும்மா அழகுக்கு வச்சிருக்கான்!"

"வளையத்தை இழுத்துட்டு அதைப் பாருங்க. சாயுதா? துப்பாக்கி சுடத் தயாரா இருக்கா இல்லையான்னு காட்டுற முள்ளுங்க அது. பட்டாளத்துக்காரன் எதையாவது அழகுக்கு வைப்பானா?"

"மேல ஒரு குட்டி ஏணி!"

"குறி பாக்குறதுக்கு. எவ்வளவு தூரமோ அவ்வளவு ஏத்தி வச்சுக்கணும். பக்கத்துலயே நம்பர் போட்டிருக்கே, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

மத்தியானத்துக்குள் விவரம் ஏழு டம்ளர் தண்ணீர் குடித்திருந்தார். இடது உள்ளங்கை நிறைந்து, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் எழுத்து ஏறியிருந்தது. இப்படி ஒரு தந்திரம் இத்தனை வருஷமாகத் தோன்றாமல் போயிற்றே என்று தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

"குழாய்க்குள்ள பூரா கீறல்" என்றார், கடைசி ஆயுதமாக. "எலி பிராண்டியிருக்கு!"

"இரும்பையா? கொடுங்க இப்படி." அவள் எழுந்தே வந்துவிட்டாள். சின்ன டார்ச்சை எடுத்து, குழாயின் முனையில் வெளிச்சம் அடித்தாள். "கீறல் இல்லைங்க இது. சுருளாப் போகுது பாருங்க. வரிப்பள்ளம். குண்டு சுழண்டுக்கிட்டே போனாத்தான் நேரா போகும். இந்த ஜாதித் துப்பாக்கிக்கு ஏழு வரி இருக்கணும்னு உங்க புத்தகத்துலயே போட்டிருக்கு."

"நீ எப்ப அந்தப் புத்தகத்தைப் படிச்ச?"

"நேத்து நீங்க கொண்டுவந்து வச்சதுலேருந்து. எண்ணெய் ஊறுற நேரத்துல சும்மா எதுக்கு உக்காந்திருக்கணும்? ஒண்ணு, ரெண்டு, மூணு..." எண்ணிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். குழாயை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தாள். "டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க."

விவரம் டார்ச்சைப் பிடித்தார். இடது கையால் பிடித்தார். அதுதான் அவர் செய்த பிழை.

"கையில என்னங்க?"

"காபி... காபி கொட்டிடுச்சு."

"நீலக் கலர்லயா?"

"புது காபி."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். 'நெம்புகோல்', 'ஒரு தடவைக்கு ஒண்ணு', 'முள்ளு' என்று விரலிடுக்கெல்லாம் எழுத்து. பிறகு விவரத்தின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் முகத்தில் இனிப்பான ஒரு சிரிப்பு வந்தது.

"சொல்லுங்க, அப்புறம் என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, முக்காலியைக் கொண்டுவந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது குறிகள்தான் பாக்கி. துப்பாக்கியின் வலது பக்கத்து இரும்பில் வரிசையாக வெட்டியிருந்தது. முதலில் ஒரு கிரீடம்.

"இது ராஜா தன்னோட சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்தது!" என்று வீசினார் விவரம்.

"பின்னே? கிரீடம் வேற யார் போட்டுக்குவாங்க?"

விவரம் திகைத்தார். திருத்தம் வரவில்லை! கிரீடத்துக்குக் கீழே 'வி.ஆர்.' என்று இரண்டு எழுத்து.

"வி.ஆர். அப்படின்னா... வெரி ரேர்!"

"அதேதாங்க! எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"1907னு போட்டிருக்கு. இது... இந்த வருஷம் வரைக்கும் கெடாதுன்னு உத்தரவாதம்!"

"மருந்து பாட்டில்ல போடுவாங்களே, அது மாதிரி."

"கம்பெனி பேர்ல 'என்'ங்கிற எழுத்து, கண்ணாடியில பாக்கிற மாதிரி திரும்பிக்கிட்டு இருக்கு. எதிரி கையில சிக்கினா படிக்கத் தெரியக்கூடாதுன்னு, ராணுவ ரகசியம்!"

"எவ்வளவு மூளைங்க அவங்களுக்கு! அதைப் படிச்சுக் கண்டுபிடிச்ச உங்களுக்கும்தான்."

"இந்த அம்புக்குறி, குண்டு எந்தப் பக்கமாப் போகும்னு சிப்பாய்க்குக் காட்டுறதுக்கு!"

"இல்லேன்னா பாவம், தன்னையே சுட்டுக்குவாங்க. உங்களுக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு! இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே."

விவரத்துக்குத் தலைகால் புரியவில்லை. தப்பாகச் சொல்லவேண்டும் என்று முழு முயற்சி எடுத்துச் சொன்னதெல்லாம் சரியாகப் போய் உட்காருகிறதே! இதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். ரத்தம். தாத்தா சமையல்காரராக இருந்தாலும் பட்டாளத்துச் சமையல்காரர். சோற்றோடு சோறாக விஷயமும் உள்ளே இறங்கியிருக்கிறது.

அதோடு, அவள் சொன்ன அந்தக் கடைசி வார்த்தை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக. அது நெஞ்சுக்குள்ளே போய்க் குடியேறிவிட்டது. சந்தேகப்படுவதற்கு அங்கே இடமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படுக்கையறையில் உட்கார்ந்து எழுதினார். முதல் பக்கம், துப்பாக்கி வேலை செய்யும் விதம். இரண்டாம் பக்கம், குறிகளும் அவற்றின் பொருளும். வாக்கியத்துக்கு வாக்கியம் அலங்காரம். நடுநடுவே அவள் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை யார்கிட்டயாவது கேட்டுக்குங்களேன்."

"கேக்கறதா? யார்கிட்ட? என்னை விட்டா யாருக்குத் தெரியும்?"

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டாள். கதவருகில் கொஞ்சம் நின்றாள். அவர் நிமிரவில்லை.

சாயங்காலம் மறுபடி வந்தாள். "எழுதறது எழுதறீங்க, அது வரைக்கும் துப்பாக்கியை நான் கொஞ்சம் துடைச்சு வைக்கட்டுமா?"

"தாராளமா. மேலாகத் துடை. விலைமதிப்பில்லாத சாமான்."

திங்கட்கிழமை காலையில் முதலாளியின் அறையில், துப்பாக்கி பளபளவென்று மேசைமேல் படுத்திருந்தது. அதற்குச் சொந்தக்காரரான பல் டாக்டரும் வந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விவரத்தின் இரண்டு பக்கங்களையும் வாய்விட்டே படித்தார்.

முதல் பக்கத்தில் டாக்டர் அசந்துபோனார். வளையத்தை இழுத்துப் பார்த்தார். முள் சாய்வதைப் பார்த்தார். "இத்தனை வருஷமா எங்க வீட்ல கிடந்துச்சு, எனக்கு இது தெரியவே தெரியாதே!" என்றார். விவரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பக்கம் தொடங்கியது. "'மாமன்னர் தம் திருக்கரங்களால் ஏந்திய இந்த ஆயுதத்தில், கிரீடத்தின் நிழலில் பொறிக்கப்பட்டுள்ள வி.ஆர். என்னும் எழுத்துகள், இது மிக மிக அரிதானது, அதாவது வெரி ரேர் என்பதை...'"

முதலாளியின் குரல் இந்த இடத்தில் கொஞ்சம் ஆடியது. ஆனால் நிறுத்தாமல் உத்தரவாதம், ராணுவ ரகசியம், சிப்பாய்க்கு வழிகாட்டும் அம்பு என்று கடைசி முற்றுப்புள்ளி வரை படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். பிறகு போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு நம்பரைப் போட்டார். விவரத்துக்கு நன்றாகத் தெரிந்த நம்பர்.

"அம்மா, நீங்க காலையில போன்ல சொன்ன மாதிரியே, அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன்."

"காலையிலயா?" என்றார் விவரம். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

"ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா சார்?"

"படிச்சேம்மா."

"சிரிச்சீங்களா?"

"எதிர்ல டாக்டர் இருக்கார். அடக்கிக்கிட்டேன்."

"முதல் பக்கம் நான் சொன்னது சார். ரெண்டாம் பக்கம் முழுக்க முழுக்க அவரோடது. நான் ஒரு எழுத்துகூடச் சேர்க்கல. தலையை மட்டும்தான் ஆட்டினேன்."

விவரத்துக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி கொஞ்சம் கீழே இறங்கினது போல இருந்தது.

"அப்போ அந்தக் குறியெல்லாம் என்னம்மா?"

"வி.ஆர். விக்டோரியா ராணியோட முத்திரை சார். புத்தகத்துல படமே இருக்கு. அம்பு, இது அரசாங்கச் சொத்துன்னு போடறது. ஆனா வருஷத்தைப் பாருங்க, 1907. ராணி 1901லயே போயிட்டாங்க. இல்லாத ராணி முத்திரையைப் போட்டு யார் துப்பாக்கி செய்வாங்க? 'என்' எழுத்து வேற திரும்பியிருக்கு. அந்த பாஷை தெரிஞ்சவன் வெட்டினா அப்படி ஆகுமா? பாத்துப் பாத்து வரைஞ்ச ஆள் வெட்டினது அது."

முதலாளி மளமளவென்று புத்தகத்தைப் புரட்டினார்.

"குழாய்ல ஏழு வரி இருக்கணும். நான் மூணு தடவை எண்ணிட்டேன், ஆறுதான் இருக்கு. நேத்து துடைக்கிற சாக்குல ரெண்டு திருகைக் கழட்டிப் பாத்தேன். ஃபாக்டரித் திருகுன்னா மரை ஒரே சீரா ஓடும். இது கையால அரம் போட்டு எடுத்த மரை. எங்க லைன்லயும் பார்ப்போம் சார், பெரிய கம்பெனி தகட்டை ஒட்டின மெஷின் வரும், உள்ள ஒரு திருகைக் கழட்டினா குட்டு வெளிப்பட்டுடும்."

பல் டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ... டூப்ளிகேட்டா?"

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர்" என்றது போன். "எழுத்துகூடத் தெரியாத ஒரு கொல்லர், அசலை எதிர்ல வச்சுக்கிட்டு, அரமும் சுத்தியும் வச்சே இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கார். அந்த முள்ளுகூடச் சரியா சாயுது. நீங்க கட்டுற பல்லும் அசல் இல்லைதானே? அதுக்காக யாராவது வேணாம்கிறாங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். முதலாளி அதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கியிருந்தார். கையால் செய்த நகல் என்று உள்ளதை உள்ளபடி போட்டே ஏலம் விடலாம், இதைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்களும் உண்டு என்று டாக்டருக்குத் தைரியம் சொன்னார். பிறகு போன் பக்கம் குனிந்தார்.

"அம்மா, இன்னைக்கு நம்ம கூடத்தோட பேரைக் காப்பாத்திட்டீங்க. இங்க மதிப்பீட்டாளர் இடம் ஒண்ணு காலியா இருக்கு..."

"எனக்கு மெஷின் வேலை இருக்கே சார்." போனுக்குள் ஒரு மெஷினைக் கவிழ்த்துப் போடும் சத்தம் கேட்டது. "வாரத்துல மூணு நாள்னா வர்றேன்."

"அது போதும். அப்போ இவரை என்ன பண்றது?"

விவரம் நாற்காலியைப் போன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவர் அவர் இடத்துலயே இருக்கட்டும் சார். எழுத்து நல்லா எழுதுவார். தப்பையே எவ்வளவு அழகா எழுதியிருக்கார், பாத்தீங்கல்ல?"

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், இனி அவளோடு ஒரு வாரத்துக்குப் பேசுவதில்லை என்று விவரம் தீர்மானித்தார். தீர்மானம் செருப்பைக் கழற்றுகிற வரைக்கும் உறுதியாக இருந்தது.

"ஏன் அப்படித் தலையாட்டின?"

"நீங்க ஏன் ஒரு வார்த்தை கேக்கல? ஞாயித்துக்கிழமை பூரா காபி போட்டுப் போட்டுக் காத்துக்கிட்டு இருந்தேன். நிஜமாத்தான் சொல்றியான்னு ஒரு தடவை கேட்டிருந்தா, எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்."

"உங்க அண்ணன் வீட்ல, நாப்பது பேர் எதிர்ல, என்னை டைப்ரைட்டர்னு சொன்னியே."

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள்.

"அது தப்புதாங்க" என்றாள். "அத்தனை பேர் எதிர்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணனும் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது. நான் போய் அவன்கிட்டயும் சொல்லிட்டு வர்றேன்."

விவரத்துக்குக் காது அடைத்தது. தப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டாள்! கல்யாணமான நாளிலிருந்து நடக்காத ஒன்று. மானம் போனால் என்ன, மதிப்பீட்டாளர் இடம் போனால் என்ன, இது போதும். நெஞ்சு விரிந்து, சட்டையின் இரண்டாவது பொத்தான் தெறித்துவிடும் போல இருந்தது. வெற்றி பெற்றவனுக்குப் பெருந்தன்மைதான் அழகு என்று முடிவுசெய்தார்.

"சரி, விடு. நான் மனசுல வச்சுக்கல. நீயும் ஆபீசுக்குப் புதுசு. இனிமே அங்க உனக்கு என்ன ஒத்தாசை வேணும்னாலும் என்கிட்ட தயங்காம கேளு."

"கேக்க என்ன இருக்கு, சொல்லியே ஆச்சு" என்றாள் அவள், அடுத்த மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே. "வியாழக்கிழமை ஒரு பீரங்கி வருதாம். தூக்கறதுக்கு நாலு ஆள் போடவான்னு முதலாளி கேட்டார். எதுக்குச் சார் நாலு பேர், எங்க வீட்டுக்காரர் ஒருத்தரே போதும்னு சொல்லிட்டேன்."